அண்ணன் துடைத்துவைத்த காற்றுத் துப்பாக்கி

தொடங்கும் செயலுக்கெல்லாம் முன்னின்று துணைசெய்யும் ஐங்கரத்தானின் திருவடி போற்றி. ஆலத்தை மிடற்றில் நிறுத்தி அகிலத்தைக் காத்த பெருமானே, ஓராண்டாக உன் நிழலில் இளைப்பாறும் எங்கள் அண்ணனின் உயிருக்கு அமைதி அருள்க. தடுமாறும் அடியேனின் சொல்லுக்கும் நீயே ஊன்றுகோலாய் நிற்க.

மாசித் திங்களில் தேய்பிறைத் தசமியும் மூல நட்சத்திரமும் கூடிய இந்நாளில், அண்ணன் சிவனடி சேர்ந்து ஓராண்டு நிறைவதை முன்னிட்டு, அவருடைய ஒரே தங்கையாகிய அடியேன் இக்கட்டுரையை உற்றார் உறவினர் முன் பணிவுடன் வைக்கிறேன்.

மலாக்காவில், பாயா ரும்புட்டிற்கு உள்ளே, செம்மண் பாதை முடியும் இடத்திலிருந்த ரப்பர் தோட்டத்தில் அண்ணன் பிறந்தார். தந்தையார் சப்பானியர் காலத்தில் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார், திரும்பவில்லை. அன்னையார் பால் மரம் சீவி எங்களை வளர்த்தார். அண்ணன் பள்ளியை விட்டு, தோட்டத்து ஆலையின் இஞ்சின் கொட்டகையில் எண்ணெய் போடும் வேலைக்குச் சேர்ந்தார். காலப்போக்கில் அந்த இஞ்சினின் மூச்சை வைத்தே அதன் நோயை அறியும் அளவுக்குத் தேர்ந்தார்.

அந்நாளில் துரைமார் பங்களாக்களிலும் கம்பம் எனப்படும் மலாய்க் கிராமங்களின் பழத்தோட்டங்களிலும் அணில் விரட்டும் பழைய காற்றுத் துப்பாக்கிகள் துருவேறிக் கிடந்தன. அவற்றுக்கு வெடிமருந்தும் இல்லை, நெருப்பும் இல்லை. குழலை மடக்கினால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் அழுந்தும். விசையைத் தட்டினால் அது பிஸ்டனைத் தள்ளும். நெருக்குண்ட காற்று ஈயக் குண்டை வெளியே வீசும். ஆண்டுகள் பல ஆனால் பிஸ்டனின் முகப்பிலுள்ள தோல் வாஷர் காய்ந்து சுருங்கிவிடும், காற்று கசியும். அண்ணன் ஆலையில் கழித்துப்போட்ட தோல் பெல்ட்டை வட்டமாக அறுத்து, நீரில் ஊறவைத்து, குழிந்த அச்சில் அழுத்திக் காயவைத்து, எண்ணெய் ஊட்டிப் புதிய வாஷர் செய்வார். தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றிப் பழைய வலுவுக்கு மேலும் வலு ஏற்றுவார். அணிலும் தப்பாது, துருவும் தெரியாது என்று பலர் தேடி வந்தனர்.

பிறகு, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளை ஒடுக்க வெள்ளையர் அறிவித்த அவசரகாலம் வந்தது. தொழிலாளர்களாகிய எங்கள் லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்வேலி எழுந்தது. வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசியும் கொண்டுபோகக் கூடாது. அரசாங்க அனுமதிச் சீட்டில்லாத துப்பாக்கி ஒருவர் கையில் அகப்பட்டால் தூக்குக் கயிறுதான். தோட்டத்தின் உதவி மேலாளரான சின்னத் துரை தம் காற்றுத் துப்பாக்கிக்கு முறைப்படி சீட்டு வாங்கியிருந்தார். அதைத்தான் பழுதுபார்க்குமாறு அண்ணனிடம் கொடுத்தார்.

அண்ணனோடு இஞ்சின் கொட்டகையில் வேலை செய்தவர் சிங்காரம். தை பிறந்ததும் அவருக்கும் எனக்கும் மணம் முடிப்பதென்று இரு வீட்டாரும் தாம்பூலம் மாற்றியிருந்தனர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அண்ணனுக்குக் கோப்பி எடுத்துக்கொண்டு போனவள், சிங்காரத்தைக் கண்டதும் கொட்டகைக் கதவோரமே நின்றுவிட்டேன்.

“என்னா மச்சான், இந்த இத்துப்போன சாமானப் பாத்து அணிலு பயப்படுமா, இல்ல சிரிக்குமா?” என்றார் அவர்.

“வாயக் கொறலா. புது ஸ்பிரிங்கு, புது வாஷரு. நல்லா எண்ணெ குடிச்சிருக்கு. சுட்டுப் பாரு.”

“மொத வெடி நீ போடு. செஞ்சவன் நீதான?”

“கல்யாண மாப்பிள்ள கையிதான் ராசி. பேசிக்கிட்டு நிக்காம சுடுலா!”

எதையும் கைராசியுள்ளவரைக் கொண்டு தொடங்குவது எங்கள் வழக்கம். புதுக் கத்தியானாலும் முதல் மரத்தை அத்தகையவரே சீவுவார். அந்த வழக்கப்படியே துப்பாக்கி சிங்காரத்தின் கைக்குப் போனது. எதிரே மரக்கட்டையின்மேல் வைத்திருந்த பால் டின்னைக் குறிபார்த்து அவர் சுட்டார்.

தோட்டமே அதிரும்படி ஒரு வெடிச்சத்தம். குழல் முனையிலிருந்து வெண்புகை. செய்தவராகிய அண்ணனே திகைத்துப் பின்வாங்கினார். வேலிக் காவலில் நின்ற மாத்தாக்கள் என்னும் மலாய்ப் போலீசார் ஓடிவந்து, “அங்காட் தாங்கான்!” என்று கத்தினார்கள். சிங்காரம் கைகளை உயர்த்தியபடி, “ஐயோ துவான், இது வெறும் காத்து துவான், காத்து!” என்று சிரித்தே சொன்னார். அவருடைய சிரிப்பை நான் கண்டது அதுவே கடைசி.

காற்றுத் துப்பாக்கி அப்படி வெடிக்காதென்று அவர்களுக்குத் தெரியும். மெய்யான துப்பாக்கி ஒன்றைச் சுட்டுவிட்டு ஒளித்துவைத்து, இதைப் போர்வையாகக் கையில் பிடித்திருக்கிறார் என்று கருதி, அவரை லாரியில் ஏற்றிச் சென்றனர். சின்னத் துரை இடைநின்று பேசினார். மறுநாள் இன்ஸ்பெக்டர் வருவார் என்றும், அவர் முன்னிலையில் அதே துப்பாக்கியை அண்ணன் சுட்டுக்காட்ட வேண்டும் என்றும், அதுவரை சின்னத் துரையின் பொறுப்பில் அது அண்ணனிடமே இருக்கலாம் என்றும் முடிவாயிற்று.

அன்று மாலை அண்ணன் அதைப் பிரித்துப் பாயில் பரப்பினார். அன்னையார் அருகே அமர்ந்து, “நல்லா தொடச்சி வையிப்பா. பெரிய மனுசன் கையில வாங்கிப் பாப்பாரு. அழுக்கா இருந்தா நம்மள என்னா நெனப்பாரு?” என்றார். அண்ணனும் சிலிண்டருக்குள் தேங்கியிருந்த எண்ணெயைத் துணி சுற்றிய குச்சியால் ஒரு பொட்டும் இல்லாமல் துடைத்தெடுத்தார். ஒரு பொருளை அழுக்கோடு அதிகாரிமுன் நீட்டுவது பிழை என்றே நாங்கள் வளர்க்கப்பட்டிருந்தோம்.

மறுநாள் எல்லோரும் சூழ நிற்க, அண்ணன் சுட்டார். டப்பா மூடியைத் திறந்தாற்போல் மெல்லிய ஒலி. மீண்டும் சுட்டார், அதே ஒலி. இன்ஸ்பெக்டர் ஏதோ சொன்னார். தோட்டத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணியார் யாழ்ப்பாணத்தவர், அவரே மொழிபெயர்த்தார்.

“தம்பி, நேற்றுக் கேட்ட சத்தம் எங்கை எண்டு கேக்கிறார்.”

“இதேதாங்கய்யா. அம்மன் சத்தியமா இதேதாங்க.”

“இது பூனை தும்மின மாதிரியெல்லோ கிடக்கு! மற்றத் துவக்கை எங்கை வச்சிருக்கிறியள்?”

தம் வேலையின் செம்மையே தம்மைப் பொய்யராக்கியதை அண்ணன் அப்போது அறியவில்லை. அன்று மாலை இஞ்சினைக் கிளப்பும்போதுதான் அவருக்கு விளங்கிற்று. டீசல் இஞ்சினில் தீப்பொறி இல்லை. நெருக்குண்ட காற்றின் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. துப்பாக்கியிலும் அதுவே நடந்திருக்கிறது. மிகுதியாய் ஊற்றிய எண்ணெயும் வலுவேற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்து வெடித்திருக்கின்றன. அந்த எண்ணெயைத்தான் தம் கையாலேயே துடைத்துவிட்டார்.

கரி படிந்த கையோடு கிராணியார் வீட்டுக்கு ஓடினார். “எண்ணெ ஊத்திச் சுட்டா வெடிக்கும்யா. இப்பவே காட்டுறேன், வாங்கய்யா!”

“அப்பவே ஏன் சொல்லேல்லை? இப்ப கதையை மாத்தினால் ஆர் தம்பி நம்புவினம்?” என்று கிராணியார் வருந்தினாரேயன்றி, அவராலும் ஒன்றும் இயலவில்லை. சிங்காரம் அதற்குள் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டிருந்தார்.

அண்ணன் காவல் நிலையத்திற்கும் துரையின் அலுவலகத்திற்கும் நடந்தபடியே இருந்தார். தை வந்தது, போனது. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்த்தபின், சின்னத் துரையின் விடாமுயற்சியால் மலாக்கா நகரக் காவல் நிலையத்தின் பின்முற்றத்தில் மறுபடி சுட்டுக்காட்ட இசைவு கிடைத்தது. அண்ணன் எண்ணெய் ஊற்றிச் சுட்டார். சுவரெல்லாம் எதிரொலிக்க வெடித்தது. ஸ்பிரிங் உள்ளேயே முறிந்தது. இன்ஸ்பெக்டர் அங்கேயே விடுதலைக்கு எழுதிக்கொடுத்தார் என்று அண்ணன் சொல்வார்.

சிங்காரம் விடுதலையானார். பாதியாய் இளைத்து, இருமலோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். “உள்ள வாங்க மாப்பிள்ள” என்று அன்னையார் அழைத்தும் ஏறவில்லை.

“ஒம்மேல எனக்குக் கோவம் இல்ல மச்சான். ஒரு நாளும் இல்ல. ஆனா அங்க ‘இன்னொரு துப்பாக்கி எங்க, எங்க’ன்னு கேட்டுக் கேட்டு, இப்ப யாரு என்னா கேட்டாலும் ஒடம்பு நடுங்குதுலா. நீ ‘சாப்பிட்டியா’ன்னு கேட்டாக்கூட. நான் ஊருக்குக் கப்பலேறப் போறேன். அதுக்கு நல்ல எடமாப் பாத்துக் குடுங்க.”

‘அது’ என்றது என்னை. நாகப்பட்டினம் போய் இறங்கினார் என்று கேள்விப்பட்டதோடு சரி. வேறு இடம் பார்க்க நான் இசையவில்லை. மாரியம்மன் சந்நிதியில் பதிகம் ஓதுவதே என் வாழ்வாயிற்று. தங்கைக்கு இல்லாத மணக்கோலம் தமக்கு வேண்டாமென்று அண்ணனும் இருந்துவிட்டார். அன்னையார் அந்த ஏக்கத்தோடேயே கண்மூடினார்.

பின்னாளில் அண்ணன் குருபோங்கில் ஒரு பட்டறையில் வேலைசெய்தார். தங்கா பத்துவில் எங்களுக்கொரு வீடு அமைந்தது. பழைய காற்றுத் துப்பாக்கிகளைச் சரிசெய்து கொடுப்பதை அவர் விடவில்லை. ஆனால் வலுவை ஏற்றித் தரும்படி எவர் வேண்டினாலும் இசையமாட்டார். முதல் குண்டைப் பிறர் சுட விடவும் மாட்டார். காரணம் கேட்டவர்களுக்குச் சிரித்து மழுப்புவார். கோயில் விளக்குகளைத் தேய்ப்பது, அண்டை வீட்டாரின் நீர்க்குழாயைப் பழுதுபார்ப்பது, தெருப் பிள்ளைகளின் சைக்கிளைச் சீர்செய்வது என எதற்கும் அவர் மறுப்புச் சொன்னதில்லை. தமக்கென்று எதையும் கேட்டதுமில்லை.

சென்ற ஆண்டு மார்கழியில் பக்கவாதம் கண்டு படுத்தார். நாக்குக் குழறியபோதும் பேச்சு அங்கேயே போய் நிற்கும்.

“அன்னிக்கி நான் தொடைக்காம இருந்திருக்கணும்மா.”

“சுத்தமா வெச்சிருந்தது ஒரு குத்தமாண்ணே? இத்தன வருசமா இதயே சொல்றீங்களே!”

அண்ணன் தலையை அசைத்தார். “குத்தம்னு யாரும்மா சொன்னா? வருத்தம்னுதான் சொல்றேன். அதயாவது என்னய வெச்சிக்க விடு.”

அதற்குமேல் அடியேன் ஆறுதல் சொல்லவில்லை. அவர் கட்டிலருகே அமர்ந்து பதிகம் ஓதினேன். கேட்டபடியே சிவபதம் அடைந்தார்.

மகன் நிலையில் நின்று கொள்ளியிட்ட சிறிய தந்தையார் மகனுக்கும், மருத்துவமனையில் முறைபோட்டுத் துணையிருந்த பட்டறைத் தோழர்களுக்கும், இறுதி நாளில் சமைக்க விடாமல் எங்கள் வீட்டுக்கே உணவு கொண்டுவந்த தங்கா பத்து மலாய் அண்டைவீட்டாருக்கும், இந்த நினைவு மலரை அச்சிட உதவிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. எந்தக் கரையில் இருந்தாலும், இல்லாதுபோயிருந்தாலும், சிங்காரம் அவர்களுக்கும் அண்ணனின் பெயரால் இந்நாளில் ஒரு விளக்கு ஏற்றியுள்ளோம்.

இதைப் படிக்கும் உங்கள் அனைவரின் இல்லங்களிலும் இறையருள் நிறைக. நீங்கள் உண்மையைச் சொல்ல நேரும் வேளையில், அதை அன்றே நம்பும் செவியை அம்மையப்பன் உங்கள்முன் நிறுத்துவாராக.