கபடிக்காரரின் டம்ளர்

நாமகிரிப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் சித்தப்பா பாஸ்ட் புட் கடை திறந்தபோது நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் கடைசி. நூடுல்ஸைப் பார்த்து மண்புழுவா என்று எங்கள் ஊர் சிரித்த காலம். கடைக்குக் கூட்டம் வரவேண்டுமானால் ஊரறிந்த முகம் ஒன்று வேண்டும். சித்தப்பா கபடிக்காரரைப் பிடித்தார்.

கபடிக்காரர் மாநில அணியில் ஆடியவர். அவர் தொடையைத் தட்டினால் சேந்தமங்கலம் வரைக்கும் பேச்சாக இருக்கும். அவருடைய அப்பா எங்கள் தோட்டத்தில் பண்ணைய ஆளாக இருந்ததால், எங்கள் வீட்டில் என்னைப் போன்ற வாண்டுகள்கூட அவரை வா, போ என்றுதான் பேசுவோம். பரிசுப் பணத்தில் அவர் கடைக்கு அடுப்பும் இரும்புச் சட்டியும் வாங்கிக் கொடுத்து, போர்டில் தன் படத்தையும் போட்டுக்கொள்ளச் சொன்னபிறகு, சித்தப்பாவின் வாயில் 'ங்க' ஒட்டிக்கொண்டது. எனக்கும் கண்டித்துச் சொல்லிவைத்தார்.

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு டம்ளர் உண்டு. என்னுடையதில் வேறு யாராவது குடித்தால் அழுது ஊரைக் கூட்டிவிடுவேன். கபடிக்காரருக்கும் தனி டம்ளர் இருந்தது. நசுங்கிய அலுமினிய டம்ளர், மாட்டுக் கட்டுத்தறிக் கூரையில் செருகியிருக்கும். அவரே எடுத்து நீட்டுவார். அம்மா தள்ளி நின்று உயரத்திலிருந்து காப்பி ஊற்றுவார். குடித்ததும் அவரே கழுவிச் செருகிவிடுவார். தன் பொருளைப் பிறர் தொடக்கூடாது என்பதில் இவரும் என்னைப் போலத்தான் என்று எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

திறப்பு விழா அன்று அவருடைய அணிப் பையன்கள் எல்லோரும் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா புதுக் கண்ணாடி கிளாஸில் அவருக்கு டீ நீட்டினார். நான் குறுக்கே போய்ப் பள்ளிக்கூடப் பைக்கட்டைத் திறந்தேன்.

"அந்தக் கிளாஸ் வேண்டாங்க சித்தப்பா. இவருக்கு ஊட்டுல தனி டம்ளர் இருக்குதுங்களே, நான் கொண்டாந்திருக்கேன்."

கபடிக்காரர் என்னைப் பார்த்தார். டம்ளரை வாங்கிச் சித்தப்பாவிடம் நீட்டி, "இதுலயே ஊத்துங்க" என்றார். நின்றபடியே குடித்தார். கீழே வைத்துவிட்டு வெளியே போனார். பையன்களும் பாதித் தட்டோடு எழுந்து அவர் பின்னால் போய்விட்டார்கள்.

மறுவாரம் ஆள் அனுப்பிப் போர்டில் இருந்த தன் படத்தை அழித்துவிட்டார். அடுப்பைக் கேட்கவில்லை. நான்கு மாதத்தில் கடையை மூடிய சித்தப்பா, "நூடுல்ஸெல்லாம் நம்மூருக்கு ஒத்துவராதுங்க" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். எனக்கு இன்றைக்கும் அந்த பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகக் கூசுகிறது.

அன்று கடை வாசலிலேயே சித்தப்பா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அடுத்தவர் பொருளைக் கேட்காமல் எடுத்ததற்குத்தான் அடி என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து, அழுதுகொண்டே டம்ளரைச் சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்து, அதே கூரையில் செருகி வைத்தேன். அடுத்த தடவை வரும்போது அவர் தேடக்கூடாதே.