நான் அடக்க நினைத்த நடுக்கம்

போன வருடம் மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன் நடந்தது இது. முந்தலில் ஒரு இறால் பண்ணையில் தண்ணீர் விடுகிற வேலை எனக்கு, வீடு மதுரங்குளியில். என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. மெஷினில் இரத்தம் சுத்தம் செய்வதற்கு வசதியாக, இடது மணிக்கட்டுக்கு மேலே இரண்டு இரத்தக் குழாய்களை இணைத்து ஒப்பரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே விடாமல் ஏதோ அதிர்ந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். குஞ்சு இறால் தொட்டிக்கு நாங்கள் மெல்லிய குழாயில்தான் தண்ணீர் விடுவோம். வால்வைக் கொஞ்சமாகத் திறந்தால் தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. இன்னும் கொஞ்சம் திறந்தால் திடீரென்று குழம்பிச் சுழன்று குழாயே நடுங்கும், குஞ்சுகள் அடிபட்டுச் சாகும். குழாயில் கை வைத்து நடுக்கம் தட்டினால் உடனே அடக்கிவிட வேண்டும். இருபது வருடப் பழக்கம்.

மூன்று நாள் எனக்கு நித்திரை இல்லை. நான்காம் நாள் காலை, கிளினிக்குக்குப் புறப்படும் முன், ஒரு பட்டித்துணியை எடுத்து அவள் கையை இறுக்கிக் கட்டினேன்.

"இறுக்க வேணாமாம் என்டு கிளினிக் மிஸ் சொன்னாங்களே" என்றாள்.

"எனக்குத் தெரியாத குழாயா?" என்றேன். என் மேதாவித்தனம் அப்படி.

சற்று நேரத்தில் நடுக்கம் அடங்கியது. நிம்மதியாகச் சிலாபம் பஸ்ஸில் ஏறி, அவள் தோளில் சாய்ந்து தூங்கியும் போனேன்.

கிளினிக்கில் தாதி கட்டை அவிழ்த்து விரல் வைத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. ஸ்டெதஸ்கோப்பை வைத்து உற்றுக் கேட்டார்.

"இத யாரு இப்பிடிக் கட்டின?" என்று என்னிடம் கேட்டார்.

"நான்தான் மிஸ். உள்ளுக்கு நடுங்கிச்சி."

"நடுங்கத்தான் வேணும். வேகமா வார ரத்தம் மற்றக் குழாய்க்குள்ள பாஞ்சு கொந்தளிக்குது. அது நின்டா ரத்தம் உறைஞ்சி அடைச்சிரும்."

டொக்டரை அழைக்க ஓடினார். இந்தக் கை போனால் இன்னொரு ஒப்பரேஷன். அதை இவள் உடம்பு தாங்குமா? அல்லாஹ்வைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. டொக்டர் வந்து பார்த்தார், காத்திருக்கச் சொன்னார். எவ்வளவு நேரம் போனதோ, தாதி என் கையைப் பிடித்து அவள் மணிக்கட்டில் வைத்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, மடியில் படுத்த பூனை குர்குர்ரென்பது போல, மெல்ல வந்தது. எல்லோருக்கும் முன்னால் அழுதுவிட்டேன்.

திரும்பி வரும்போது, "வலிக்கிது என்டு சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"விரலெல்லாம் மரத்துத்தான் போச்சி. மூணு நாளா தூங்காத மனுசன் பஸ்ஸுல தூங்கினீங்க. எழுப்ப மனசு வரல்ல" என்றாள்.

தினமும் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு அவள் கையைத் தொட்டுப் பார்க்கிறேன். ஆனால் என்னை உறுத்துவது வேறு: இத்தனை வருடமும் அவள் சத்தமில்லாமல் இருந்தால் எல்லாம் நலம் என்றே நினைத்து வாழ்ந்திருக்கிறேன். இப்போதெல்லாம் அவள் பேசாமல் இருந்தால், கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்து என்னவென்று கேட்கிறேன்.