நான் எழுதாமல் விட்ட ஏழாவது நிபந்தனை

பிள்ளைகளே, போன கிழமை மூத்தவள் தொலைபேசியில் ஒரு பட்டியல் வாசித்துக் காட்டினாள். தாதியியலில் முதுமாணிப் படிப்புக்குச் சேர என்னென்ன வேண்டும் என்ற பட்டியல். பதிவு பெற்ற தாதியாக இருக்க வேண்டும், நோயாளர் விடுதியில் சில வருடம் வேலை செய்திருக்க வேண்டும், இரண்டு பேர் நற்சான்று தர வேண்டும், நேர்முகத்துக்குப் போக வேண்டும். படித்து முடித்துப் பட்டம் வாங்குவதற்கு வேறொரு பட்டியல். பாடங்கள், செய்முறை, கடைசியில் ஓர் ஆய்வுக் கட்டுரை. எனக்கு அரைவாசி விளங்கவில்லை. ஆனாலும் முடியும்வரை கேட்டேன்.

“வேறை ஒண்டும் இல்லையோ, பிள்ளை?”

“வேறை என்னப்பா வேணும்?”

“கலியாணம் செய்தவை சேரலாமோ?”

அவள் சிரித்தாள். “எனக்கு ரெண்டு பிள்ளையள். இப்ப போய் உதைக் கேக்கிறியள். அந்த நாளிலை அம்மாவும் படிச்சிருப்பா, என்னப்பா? சண்டை வந்து குழப்பிப் போட்டுது.”

சண்டை குழப்பியது என்று உங்களுக்குச் சொன்னவன் நான்தான். நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது சொன்னேன், வளர்ந்த பிறகும் திருத்தவில்லை. அந்த நாட்களில் சண்டை எத்தனையையோ குழப்பியதுதான். அதனால் இதையும் அதன் தலையில் கட்டிவிடுவது எனக்குச் சுகமாக இருந்தது. உங்கள் அம்மாவின் தாதிப் படிப்பைக் குழப்பியது நான்.

எண்பத்தைந்தாம் ஆண்டு. நான் உரும்பிராயில் தோட்டம் செய்துகொண்டிருந்தேன். வெங்காயமும் மரவள்ளியும் போட்டிருந்தேன். ஓ.எல். சோதனை எடுத்து நாலு பாடம் பாஸ், அதோடு படிப்பு முடிந்தது. உங்கள் அம்மா என் மாமாவின் மகள், எனக்கு மச்சாள். உடுவிலில் இருந்தார். ஏ.எல். விஞ்ஞானம் படித்துப் பாஸ் பண்ணியிருந்தார். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி காணவில்லை. தாதியாக வர வேண்டும் என்பதுதான் அவரின் ஆசை. அவருக்கு நான், எனக்கு அவர் என்பது இரண்டு வீட்டிலும் பேசாமல் பேசி வைத்த சங்கதி.

ஒருநாள் மாமா வீட்டுக்கு ஒரு சாக்கு மரவள்ளிக்கிழங்கு கொண்டுபோனேன். படலையில் சைக்கிளைச் சாத்தும்போது உள்ளே மாமா மாமியோடு கதைப்பது கேட்டது.

“பெட்டைக்கு நேர்ஸ் வேலை கிடைச்சால் ஒரு உத்தியோகக்காரனைப் பாக்கலாமப்பா. தோட்டத்துக்கை விட்டு வெங்காயம் கட்டவைக்கிறதே?”

“வாயை மூடுங்கோ. பெடியனுக்குக் காதிலை விழப்போகுது.”

விழுந்துவிட்டது. கிழங்கை இறக்கி வைத்துவிட்டுத் தேத்தண்ணியும் குடித்துக்கொண்டுதான் வந்தேன். மாமா மேல் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரிதானே என்று பட்டது. அதுதான் பயமாக இருந்தது.

பிறகு ஒரு மாதம் இருக்கும். தாதிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்களாம், அரசாங்க வர்த்தமானியில் வந்திருக்கிறதாம் என்று அம்மா கேள்விப்பட்டார். வர்த்தமானி எங்கள் வாசிகசாலைக்கு வரும். அந்த நாளில் பெண்பிள்ளைகள் வாசிகசாலை வாங்கில் வந்து இருப்பது கிடையாது. “அத்தான், ஒரு சொல்லும் விடாமல் பாத்து எழுதிக்கொண்டு வாங்கோ” என்று கொப்பித்தாள் இரண்டும் பேனையும் தந்துவிட்டார்.

நான் போய் எழுதினேன். என் எழுத்து வடிவான எழுத்து, அது ஒன்றுதான் பள்ளிக்கூடம் எனக்குத் தந்தது. நிபந்தனைகளுக்கு இலக்கம் போட்டிருந்தது. வயது, சித்தியடைய வேண்டிய பாடங்கள், உயரம் நாலடி பத்தங்குலத்துக்குக் குறையாமல், கண், பல், தேகசுகம், நன்னடத்தைச் சான்றிதழ். ஏழாவது இப்படி இருந்தது: விண்ணப்பதாரர் விவாகமாகாதவராக இருத்தல் வேண்டும், பயிற்சி முடிவடையும் வரை விவாகம் செய்துகொள்ளலாகாது.

மூன்று வருடப் பயிற்சி. அதற்குப் பிறகு எங்கே வேலை போடுவார்களோ. மூன்று வருடத்தில் மாமா எத்தனை உத்தியோகக்காரரைப் பார்த்துவிடுவார். நான் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு எட்டாவதை ஏழாவது என்று எழுதினேன். ஒன்பதாவதை எட்டாக்கினேன். மாதிரி விண்ணப்பத்தை ஒழுங்காகப் பார்த்து எழுதினேன். அதில் விவாகமானவரா என்று ஒரு கேள்வி இருந்தது. அதை விடத் தேவையிருக்கவில்லை. அப்போது அவர் விவாகமாகாதவர்தானே, இல்லை என்று எழுதிவிட்டுப் போவார்.

தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது உங்கள் அம்மா நின்றபடியே வாசித்தார். உயரம் என்ற இடத்தில் நிறுத்தி, கதவு நிலையோடு முதுகை வைத்து நின்றார்.

“அளவுங்கோ அத்தான். கொண்டையையும் சேர்த்து அளப்பினமோ?”

“கொண்டையைச் சேர்த்தால் நீர் டொக்டருக்கே காணும்.”

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் கூசுகிறது.

விண்ணப்பம் போனது. அடுத்த கிழமையே நான் என்னைப் பெற்ற ஆச்சியை, அதுதான் உங்கள் அப்பாச்சியை, மாமாவிடம் அனுப்பினேன். ஆடி பிறக்க முன்னம் எழுத்தை வைப்போம் என்று கேட்கச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் எழுத்து முதல் நடக்கும். பதிவுகாரர் வீட்டுக்கு வருவார், இருவரும் கையெழுத்து வைப்போம், மோதிரம் மாற்றுவோம், வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பெண் தன் வீட்டிலேயே இருப்பாள். தாலி கட்டும் கலியாணம் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து. அதுவரைக்கும் ஊர் அவளைக் கலியாணம் செய்தவள் என்று சொல்லாது. ஆனால் சட்டத்துக்கு அந்தக் கையெழுத்தே கலியாணம். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

நாடு கெட்டுக் கிடக்கிறது, பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், ஒரு எழுத்தாவது இருந்தால் இரண்டு வீட்டுக்கும் ஆறுதல் என்று ஆச்சி கண்ணைக் கசக்கினார். மாமாவால் சொந்தத் தங்கச்சிக்கு இல்லை என்று சொல்ல ஏலாமல் போய்விட்டது.

உங்கள் அம்மா மட்டும் கிணற்றடியில் வைத்து என்னைக் கேட்டார்.

“அத்தான், எழுத்து வைச்சால் படிப்புக்குத் தடை ஒண்டும் வராதே?”

“நான் எழுதித் தந்த தாளிலை அப்பிடி ஏதும் இருந்ததோ?”

“இல்லை.”

“பிறகென்ன?”

நான் பொய் சொல்லவில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேள்விதானே கேட்டேன்.

எழுத்து நடந்தது. மாமா பக்கச் சாட்சியாக ஊர் விதானையார், அதுதான் கிராம சேவகர், கையெழுத்து வைத்தார். நாலு பயற்றம் பணியாரம் சாப்பிட்டார். ஐந்தாவதை மாமி கடதாசியில் சுற்றிக் கொடுத்தார்.

ஆவணியில் நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மாமா வீடு கொண்டாட்டமாக இருந்தது. அம்மா சிவப்பு மையால் ஒவ்வொரு வரிக்கும் கீழே கோடு கீறிக்கொண்டிருந்தார். கொண்டுவர வேண்டியவற்றில் ஒன்று, விவாகமாகாதவர் என்பதற்கு விதானையாரின் அத்தாட்சி. அம்மாவின் கை அந்த வரியில் நின்றது.

“உது சும்மா தாள்” என்றார் மாமி. “தாலி ஏறேல்லை, கூறை கட்டேல்லை. ஆர் சொன்னது கலியாணமெண்டு? விதானையார் எழுதித் தருவார்.”

மாமாவும் நானும் அம்மாவும் விதானையாரிடம் போனோம். அவர் கண்ணாடியைப் போட்டுக் கடிதத்தை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி எங்களைப் பார்த்தார்.

“அண்ணை, இந்தப் பிள்ளையின்ரை எழுத்திலை சாட்சிக் கையெழுத்து வைச்சது ஆர்?”

“நீர்தான்.”

“அப்ப, விவாகமாகேல்லை எண்டு எந்தக் கையாலை எழுதச் சொல்லுறியள்? வலக்கை அங்கை வைச்சிட்டுது. இடக்கையாலை எனக்கு எழுத வராது.”

“ஒரு வரிதானே, ஐயா” என்றார் மாமா. “அப்ப எழுத்தை வெட்டிப் போட்டுத் திருப்பி எழுதேலாதோ?”

“அதுக்குக் கோட்டுக்குப் போகோணும் அண்ணை. வழக்கு முடிய உங்கடை பிள்ளைக்கு வயது கடந்திடும். ஆரும் ஒரு பெட்டிசம் போட்டால் என்ரை வேலையும் போகும், பிள்ளையையும் பாதியிலை கலைச்சு விடுவாங்கள்.” அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். “ஏன் பிள்ளை, இதை முதலிலை பாக்கேல்லையே? படிச்ச பிள்ளை.”

அம்மா கடிதத்தை வாங்கி மடித்தார். திரும்பி வரும்போது மாமா முன்னே நடந்தார். அம்மா பின்தங்கி என்னோடு வந்தார்.

“அத்தான், வர்த்தமானியிலை இது இருந்ததோ?”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் படிப்புத் திரும்பி வந்திராது. ஆனால் தன்னில் பிழை இல்லை என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

“இல்லை” என்றேன். “பிறகு புதுசாப் போட்டிருப்பாங்கள்.”

“நான் எதுக்கும் ஆரிட்டையும் விசாரிச்சிருக்கோணும்” என்றார். “என்ரை அவசரம்.”

அவசரம் அவருடையதாம்.

நேர்முகத்துக்கு அவர் போகத்தான் செய்தார். நான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். வெளியே வேப்பமரத்துக்குக் கீழே நான் நின்றேன். கால்மணித்தியாலத்தில் வந்துவிட்டார். உள்ளே நேர்முகம் எடுத்த பெரிய தாதியம்மா நல்லவவாம். சான்றிதழ்களைப் பார்த்துச் சந்தோசப்பட்டவவாம். விதானையாரின் தாள் எங்கே என்று கேட்டபோது அம்மா உள்ளதைச் சொல்லியிருக்கிறார். “பிள்ளை, உம்மைப்போல கெட்டிக்காரியை விட எனக்கு மனமில்லை, ஆனால் பேரை வெட்டத்தான் வேணும்” என்றாவாம். பஸ்ஸில் வரும் வழி முழுக்க அம்மா அழவில்லை. வந்திருந்த மற்றப் பிள்ளைகள் எந்தெந்த ஊர் என்று சொல்லிக்கொண்டு வந்தார். உடுப்பிட்டியிலிருந்து ஒரு பிள்ளை வந்ததாம், அதுவும் நாலடி பத்தங்குலம் மட்டுமட்டாம்.

அடுத்த தையில் எங்கள் கலியாணம் நடந்தது. அதற்குப் பிறகு நீங்கள் வந்தீர்கள்.

தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தது மூத்தவளுக்கு ஞாபகம் இருக்கும். பின் வகுப்பறை ஒன்றில் காயம் கட்டினார்கள். ஆள் காணாது என்று அம்மா போய் நின்றார். சுடுதண்ணியில் கத்தரிக்கோல் அவிப்பார், பழைய சேலையைக் கிழித்துத் துணி சுற்றுவார், கிழவர்களின் புண் கழுவுவார். ஒருநாள் ஒரு டொக்டர் வந்து நின்று பார்த்துவிட்டு, “நீங்கள் எந்த ஆஸ்பத்திரியிலை வேலை செய்தனீங்கள், மிஸி?” என்று ஒரு தாதியைக் கேட்பதுபோலக் கேட்டார். நான் வாளியோடு வாசலில் நிற்கிறேன்.

“நான் படிக்கேல்லை, டொக்டர். நேர்முகத்துக்கு எடுபட்டனான், பிறகு ஒரு பிழையாலை போகேலாமல் போட்டுது.”

“என்ன பிழை?”

“என்ரை பிழைதான். வடிவாப் பாக்காமல் விட்டிட்டன்.”

வாளியை வைத்துவிட்டு நான் மைதானத்துக்குப் போய்விட்டேன். பத்து வருடமாகியும் அவர் அதைத் தன் பிழையாகவே சுமந்துகொண்டிருந்தார். அன்றைக்கும் நான் சொல்லவில்லை. சொல்லாததற்குச் சனநெருக்கம், பிள்ளைகள், செல்லடி என்று காரணம் வைத்திருந்தேன். பிறகு காரணம் ஒன்றும் இல்லாமலே சொல்லாமல் இருந்தேன்.

மூத்தவள் பட்டியல் வாசித்த அன்றைக்குப் பின்னேரம் அம்மா குசினியில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் பலகையைப் போட்டு இருந்தேன். எழுத்துக்கு முதல் நடந்ததெல்லாவற்றையும் சொன்னேன். வாசிகசாலை, ஏழாவது நிபந்தனை, இலக்கம் மாற்றியது, படலையில் நின்று கேட்டது. அவர் இலை ஆய்வதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகு, அந்த நெட்டை உருவி முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

“அப்ப நான் பாத்த தாளிலை அந்த வரி இல்லைத்தான்.”

“இல்லை.”

“விதானையார் கேட்ட நாளிலையிருந்து நான் கண் தெரியாமல் வாசிச்சுப்போட்டனெண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டன்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுத்த நெட்டை எடுத்தார். இதைப் பிள்ளைகளுக்கும் எழுதப்போகிறேன் என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எழுதுங்கோ. அந்த வரியை மறந்துபோனன் எண்டு எழுதாதேங்கோ.”

அப்படி எழுதவில்லை. அவரிடம் சொல்லி இன்றைக்கு மூன்றாம் நாள். தேத்தண்ணி வைத்துத் தருகிறார். கதைக்கிறார் இல்லை.