எறிந்தவர் அவர், ஓட்டியவள் நான்

அது ட்ரோன் இல்லை. என் வீட்டுக்காரருடையதும் இல்லை. இந்த இரண்டையும் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் மேசையில் வேலை. மேல்தோலையும் உள்துணியையும் சொல்யூஷன் தடவி ஒட்டுவோம். எங்கள் ஊரில் சொல்யூஷன் இல்லாத வீடு கிடையாது. செருப்பு அறுந்தால் சொல்யூஷன். பை கிழிந்தால் சொல்யூஷன். குடத்தில் ஓட்டை விழுந்தாலும் சொல்யூஷன். இரண்டு பக்கமும் தடவு, காய விடு, வைத்துத் தட்டு. அப்புறம் பிரியாது. சாயங்காலம் பஸ்ஸில் ஏறினால் எங்கள் எல்லோர் கையிலும் அந்த வாடைதான் வரும்.

வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வேலூரில் யாரோ வீடு காலி செய்தபோது, வேண்டாத சாமானோடு ஓர் அட்டைப்பெட்டியையும் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். உள்ளே மூக்கு நசுங்கி வால் இரண்டாக உடைந்த தெர்மாகோல் பிளேன் ஒன்று. கூடவே ரிமோட், சார்ஜர்.

"காயலான் கடையில போட்டுடட்டுமா?" என்று கேட்டார்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, ரிமோட்டில் இருந்த குச்சியை விரலால் தள்ளிப் பார்த்தேன். உடைந்த வாலில் ஒட்டிக்கொண்டிருந்த மடல், கிர் என்று ஒரு பக்கம் திரும்பியது. இந்தப் பக்கம் தள்ளினால் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம். நான் சொன்னதை ஒரு பொருள் உடனே கேட்டு நான் பார்த்ததில்லை.

"போடாத," என்றேன்.

வாலை ஒட்ட உட்கார்ந்தேன். கைக்குத் தெரிந்த வேலை. இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவிக் காய வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பாதி வால் இல்லை. தெர்மாகோலைச் சொல்யூஷன் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது எலி கொறித்த ரொட்டி மாதிரி இருந்தது.

"இன்னாமே, பிளேனைக் கரைச்சுக் குடிச்சுட்டியா?" என்றார் வீட்டுக்காரர்.

அன்றிலிருந்து தச்சு வேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசைதான். காய நேரம் பிடிக்கும். ஆனால் தின்னாது. கல்யாண மேடைக்குப் பெயர் வெட்டும் கடையில் தெர்மாகோல் ஷீட் வாங்கினேன். இறக்கைக்குள் மூங்கில் குச்சி செருகினேன். எப்படி என்று போனில் வீடியோ பார்த்தேன். பேசுகிற பாஷை புரியாது. கையைப் பார்த்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை பாலாற்று மணலுக்குப் போவோம். வீட்டுக்காரர் பிளேனைத் தலைக்கு மேல் தூக்கி, ஓடி, எறிவார். நான் ஓட்டுவேன். ரிமோட்டைக் கம்பெனி அடையாள அட்டைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பேன். ஆரம்பத்தில் எறிந்த இடத்திலேயே மூக்கைக் குத்தியது. முள்ளில் சிக்கியது. விழுவதும் ஒட்டுவதும்தான் வேலை. என்னை அதிகம் படுத்தியது இடது வலதுதான். பிளேன் என்னைவிட்டுப் போகும்போது சரியாக இருக்கும். என் பக்கம் திரும்பி வரும்போது எல்லாம் மாறிவிடும். அதன் இடது என் வலது. ஒருநாள் மேசையில் எதிரே உட்கார்ந்திருப்பவள் கையில் இடது கால் ஷூவைப் பார்த்தேன். அவள் பக்கமிருந்து இடது, என் பக்கமிருந்து வலது. அதை நான் எத்தனை வருஷமாகக் குழம்பாமல் ஒட்டுகிறேன். அடுத்த ஞாயிறு பிளேன் என் தலைக்கு மேல் வட்டம் அடித்தது. மணலில் வயிறு தேய்த்து இறங்கி, என் காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

எதுக்கு இது என்று கேட்கிறார்கள். அதே மணலில் நரைத்த ஆம்பளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அவர்களை ஒருத்தரும் கேட்பதில்லை.

கரையில் ஒரு தோல் கம்பெனி. உயரமான சுவர். ஒரு ஞாயிறு காற்று திடீரென்று மாறியது. திருப்பினேன், திரும்பவில்லை. பிளேன் சுவரைத் தாண்டிப் போனது. உள்ளே டப்பென்று சத்தம் கேட்டது. இருவரும் கேட்டுக்கு ஓடினோம்.

"யாருண்ணே ட்ரோன் வுட்டது?" வாட்ச்மேன் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"நான்தான் ஓட்டினேன்," என்றேன். "ட்ரோன் இல்ல. பிளேன்."

"நீ சும்மா இரும்மா. அண்ணன்கிட்ட பேசிக்கினு இருக்கேன்ல."

"அதாங்க ஓட்டுது," என்று என்னைக் காட்டினார் வீட்டுக்காரர். "நான் எறியறதோட சரி."

வாட்ச்மேன் சிரித்துவிட்டார். "நல்லா கீதே! மாட்டிக்கினா பொண்டாட்டி மேல போட்டுடுவீங்களா? நான் வாராவாரம் சுவருக்கு மேல பாக்கறேன். நீங்கதான வுடறீங்க. இந்தம்மா ரிமோட்டைப் பிடிச்சுக்கினு நிக்குது."

பிடித்துக்கொண்டு நிற்கிறேனாம். பை பிடித்துக்கொள்கிற மாதிரி.

உள்ளேயிருந்து சூப்பர்வைசர் ஒருவர் பிளேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். வலது இறக்கை நடுவில் முறிந்து தொங்கியது. மற்றபடி ஒன்றும் இல்லை. சுத்தமான முறிவு. எனக்கு அரைநாள் வேலை.

"கேமரா எங்க?" என்று கேட்டார். அதையும் என் வீட்டுக்காரரிடம்தான் கேட்டார்.

"கேமரா இல்லைங்க."

"கேமரா இல்லாம எதுக்குப் பறக்குது?"

"சும்மா பறக்குதுங்க."

"சும்மா எதுக்குப் பறக்கணும்? பொல்யூஷன் போர்டு ஆளுங்க அனுப்பிச்சாங்களா?"

வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது தப்பாகப் போனது. மேனேஜர் பார்க்காமல் தர முடியாது, பிளேன் ஓனர் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். நான் என் நம்பரைச் சொன்னேன். வாட்ச்மேன் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்ன பிறகு எழுதினார்.

மறுநாள் வேலை விட்டதும் பஸ்ஸை விட்டுவிட்டு அந்த கேட்டுக்கு நடந்தேன். வாட்ச்மேன் ரூமில் ஆணியில் பிளேன் தொங்கியது. நெட்டுக்குத்தலாக, காலைப் பிடித்துக் கோழியைத் தொங்கவிட்ட மாதிரி.

"ஓனர் வரட்டும்மா."

"நான்தான் ஓனர்."

"ஏம்மா பேஜார் பண்றே? வீட்டுக்காரரை அனுப்பு."

மேலே பேசவில்லை. பேசினால் கை ஓங்கிவிடுவேன் என்று பயம். அடுத்த நாளும் போனேன். அதே பேச்சு.

மேசையில் இது பெரிய தமாஷாகிவிட்டது. "இன்னாடி பைலட்டு, பிளேன் ஜெயில்ல கீதாமே? ஜாமீன் எடுத்தியா?" என்றாள் எதிரே உட்காருபவள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மேல் கோபம் இல்லை. அவளாவது பைலட் என்று என்னைச் சொன்னாள்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். பிளேன் என் கைக்கு வர வேண்டும். என்னுடையது என்று சொல்லி என் கையில் தர வேண்டும். மணலில் வயிறு தேய்த்து இறங்கிய பிளேன் அது. அதை அந்த மாதிரி இறக்க எனக்கு எத்தனை ஞாயிறு ஆயிற்று என்று எனக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை வீட்டுக்காரருக்குப் போன் வந்தது. நான் ஷிப்டில் இருந்தேன். அவர் போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நான் வீட்டுக்குள் நுழையும்போது பேப்பர் சுற்றிக் கட்டில் மேல் வைத்திருந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"மேனேஜர் நல்ல மனுஷன்மே. திட்டவேயில்ல. ஆளை வுட்டு ஒட்டிக் குடுத்துகீறாங்க. தேங்க்ஸ் சொல்லிட்டு வந்தேன்."

பேப்பரைப் பிரிக்கும் முன்பே வாடை வந்துவிட்டது.

முறையாகத்தான் செய்திருந்தார்கள். முறிவின் ஓரத்தைத் தேய்த்திருந்தார்கள். இரண்டு பக்கமும் தடவியிருந்தார்கள். காய வைத்துத் தட்டியிருந்தார்கள். ஒரு ஷூவாக இருந்தால் அந்த வேலையில் குறை சொல்ல முடியாது. தெர்மாகோல் உருகி உள்ளே இறங்கியிருக்கிறது. இறங்கிய குழியை நிரப்ப இன்னும் ஊற்றியிருக்கிறார்கள். அதுவும் தின்றிருக்கிறது. கடைசியில் ஓட்டை தெரியாமல் இருக்க மேலே ஒரு துண்டுத் தோலை ஓரம் சீவி ஒட்டிவிட்டார்கள். நல்ல தோல், வழவழப்பாக. வலது இறக்கை கையில் எடுத்தாலே கீழே சாய்ந்தது. தோலை அழுத்தினால் உள்ளே பொக்கென்று போனது.

"பாக்கறதுக்கு நல்லாத்தான் கீது," என்றார் வீட்டுக்காரர். என் முகத்தைப் பார்த்தார். "இல்லையா?" என்றார்.

"எதுக்குத் தேங்க்ஸ் சொன்ன?"

பாவம், அவர் என்ன செய்வார்.

அன்று எனக்கு வந்த கோபம் மாதிரி வேறு எப்போதும் வந்ததில்லை. வேண்டும் என்று உடைத்திருந்தால் போய்ச் சண்டை போட்டிருப்பேன். நல்லது செய்துவிட்டார்கள். நல்லது செய்தவனிடம் எப்படிச் சண்டை போடுவது? ரெண்டு நாள் அந்த கேட்டில் போய் நின்றேன். இரண்டு நாளும் என் கையில் சொல்யூஷன் வாடை. "ஏம்மா, இதை எதால ஒட்டறது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். முதல் நாளே என் வாலைத் தின்ற சரக்கு அது. கேட்க வேண்டும் என்றால் முதலில் என்னை ஓர் ஆளாகப் பார்க்க வேண்டும். அங்கேதான் அவர்களுக்கு முடியவில்லை.

இறக்கையை அடியோடு அறுத்து எடுத்தேன். புதிய ஷீட், புதிய குச்சி. வெள்ளைப் பசை காயும் வரை மேலே அரிசி டப்பாவைப் பாரம் வைத்தேன். அந்தத் தோலைத் தூக்கிப் போடவில்லை. தோல் மேல் எனக்கு என்ன கோபம்? மெல்லியதாகச் செதுக்கி, மணலில் தேயும் வயிற்றுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டினேன். நன்றாகத் தாங்குகிறது.

அடுத்த ஞாயிறு மறுபடியும் மணலுக்குப் போனோம். எறிந்தார். ஏறியது. பாரம் சரியாக இருந்தது. மூன்று வட்டம் அழகாக வந்தது. நாலாவதில் சுவர்ப் பக்கம் போனபோது மோட்டார் நின்றுவிட்டது. காத்தாடி சுற்றவில்லை. சத்தமில்லாமல் மிதந்துபோய் அதே சுவருக்கு அந்தப் பக்கம் இறங்கியது. எனக்கே சிரிப்பு வர வேண்டும். வரவில்லை.

வீட்டுக்காரர் கேட்டுப் பக்கம் கிளம்பினார்.

"நீ வராத," என்றேன். "இங்கயே நில்லு."

"நீ போனா தரமாட்டாங்கமே."

"நில்லு."

நின்றார். ரிமோட் கழுத்தில் தொங்க நான் மட்டும் போனேன். வாட்ச்மேன் பிளேனை எடுத்து வந்து கேட்டில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மூக்கு மட்டும் கொஞ்சம் பிய்ந்திருந்தது. என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அண்ணன் வரலையா?"

"வரல."

"அவரு வந்தா குடுத்துடறேன்மா. போன தபாவே மேனேஜர் சொல்லிட்டாரு, ஓனர் கையிலதான்..."

மோட்டார் குச்சியைத் தொடாமல், வால் குச்சியை மட்டும் இடது பக்கம் தள்ளினேன். மோட்டார் சுற்றினால் அவர் விரல் போய்விடும். அவர் கைக்குள் வால் கிர் என்று திரும்பியது. மனுஷன் துள்ளிவிட்டார்.

"ஏய்! உயிரோட கீது!"

வலது பக்கம் தள்ளினேன். வால் வலது பக்கம் போனது. மறுபடி இடது. மறுபடி வலது. அவர் பிளேனைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் தள்ளிப் பிடித்துக்கொண்டு அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யார் சொன்னதைக் கேக்குது?" என்றேன்.

அவர் கேட்டின் சின்னக் கதவைத் திறந்து, பிளேனை என் கையில் கொடுத்தார். என் கையில்தான். வாங்கிக்கொண்டேன். இத்தோடு நிறுத்தியிருக்கலாம். திரும்பி நடக்கும்போது பின்னாலிருந்து சொன்னார்.

"அண்ணன் நல்லாத்தான் கத்துக் குடுத்துகீறாரு."

நின்றேன். திரும்பவில்லை.

"யம்மா, மூக்கு லேசா பிஞ்சிகீது. உள்ள சொல்யூஷன் கீது. எடுத்தாரட்டா?"

அப்போது திரும்பினேன். "இதுல ஒரு சொட்டு பட்டுச்சுன்னா அந்த டின்னை உன் தலையில கவுத்துடுவேன்," என்றேன். அவர் இரண்டடி பின்னால் போனார்.

மணலில் வீட்டுக்காரர் நான் நிறுத்திய இடத்திலேயே நின்றிருந்தார்.

"குடுத்துட்டாங்களா? இன்னா சொன்னாங்க?"

"நீ நல்லா கத்துக் குடுத்துகீறியாம்."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணலில் உட்கார்ந்து பார்த்தேன். மோட்டாருக்குப் போகும் ஒயர் ஒன்று லேசாகக் கழன்றிருந்தது. அதனால்தான் மோட்டார் நின்றது. வாலுக்கு வேறு ஒயர், அது மட்டும் உயிரோடு இருந்திருக்கிறது. ஒயரை அழுத்திச் செருகினேன். மூக்குக்கு டேப் சுற்றினேன். பிளேனை அவர் கையில் கொடுத்தேன்.

சுவருக்கு மேலே வாட்ச்மேன் தலை தெரிந்தது. எதன் மேலோ ஏறி நின்று எட்டிப் பார்க்கிறார். நான் ரிமோட்டைக் கழுத்திலிருந்து கழற்றி, அவருக்குத் தெரிகிற மாதிரி நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

"எறி," என்றேன்.

எறிந்தார்.