தலைத்தீபாவளிக்கு வந்த வண்டி

தலைத்தீபாவளிக்கு மாமனார் தன் பழைய பைக்கை எனக்குச் சீராகத் தந்துவிட்டு, தனக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டார். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. ஆயில் மாற்றியதுமே நீலப் புகை கக்க ஆரம்பித்தது. அம்பாசமுத்திரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். மனைவியும் பக்கத்தில்தான் நின்றாள்.

"பிஸ்டன் ரிங் எப்பவோ போயிட்டு அண்ணாச்சி. கெட்டி ஆயில ஊத்திப் புகைய அமுக்கி உங்க தலையில கட்டிட்டாவ. யாருட்ட வாங்குனிய?"

நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும், விற்றுத் தொலைக்கலாம் என்றேன்.

"சீர்ல வந்தத யாராவது விப்பாவளா? எங்க அப்பா மூஞ்சில நான் எப்படி முழிக்க?" என்றாள் மனைவி.

அன்றிலிருந்து பெட்ரோல் போடும்போதெல்லாம் எஞ்சினுக்கு ஆயிலும் வாங்கி ஊற்றி அழுகிறேன். பின்னால் வருகிறவனெல்லாம் ஏசிவிட்டுப் போகிறான்.

போன வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் புகையோடு போய் நின்றோம். அங்கே நின்ற மாமனார் மகராசன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "நான் குடுக்கும்போது பொட்டுப் புகை கிடையாது. மாப்பிள்ளைக்கு வண்டிய வச்சுக்கத் தெரியல."

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவள், அப்போதுதான் என் வண்டியிலிருந்து இறங்கிய என் மனைவி.