வளைவில் ஓடுபவள்

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் அவளுக்கு நாற்பத்தோரு வயது. ஊழியர் விளையாட்டு விழாவில், நாலு பேர் ஓடும் தொடர் ஓட்டத்தில் ஒன்பது வருடமாக மூன்றாவது ஆள் அவள்தான். வளைவில் ஓடிவந்து, கையிலுள்ள சின்னக் கட்டையை நாலாவது ஆளிடம் கொடுத்துவிட்டு, யாருமில்லாத மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பாள்.

அவள் கணவன் நீச்சல்குளத்தில் தண்ணீர் சுத்தம் செய்பவன். வருடம் தவறாமல் வந்து, முடிவுக்கோட்டருகே நின்று, யார் வந்தாலும் கைதட்டுவான்.

அந்த வருடம், விழாவுக்கு முந்தின வாரம் சமையலறையில் அவனிடம் ஒரு கரண்டியைக் கொடுத்தாள். "பின்னாடி வந்து இத என் கையில குடுங்க. பழகணும்."

"திரும்பிப் பாரேன், எங்க வைக்கிறது?"

"பாத்தா வேகம் போயிடும். ரெண்டாவதா ஓடுறவ கிட்ட வர்றப்பவே நான் ஓட ஆரம்பிச்சிடணும். 'இந்தா'ன்னு சொன்னதும் கைய நீட்டணும். முப்பது மீட்டருக்குள்ள கட்டை கை மாறலைன்னா ஆட்டமே காலி."

"எங்க குளத்துல நடக்குற தொடர் நீச்சல்ல அந்த வம்பே இல்ல. வர்றவ சுவத்தத் தொடுறவரைக்கும் நிக்கிறவ கால் மேடைய விடக்கூடாது, அவ்ளோதான். கண்ணால பாத்தே குதிக்கலாம்."

அவள் சிரித்தாள். பிறகு கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நான் ஓடுறத நீங்க ஒரு தடவகூடச் சரியாப் பாத்ததில்ல, தெரியுமா?"

அவனுக்குச் சுருக்கென்றது.

விழாவன்று வளைவோரக் கம்பிவேலியருகே போய் நின்றான். இரண்டாவதாக ஓடிய வரவேற்பு மேசைப் பெண் எல்லோருக்கும் முன்னால் வந்தாள். "இந்தாக்கா!" இவள் கை பின்னால் நீண்டது. கட்டை விரல்நுனியில் பட்டு நழுவி உருண்டது. கொடுக்க வந்தவளே அதை எடுக்கவேண்டும் என்பது விதி. அவள் தடுமாறிக் குனிவதற்குள் மற்ற மூன்று அணிகளும் பறந்துவிட்டன.

"பதறாத, மெதுவா எடு. நான் இங்கதான் நிக்கிறேன்" என்றாள் இவள்.

கட்டை கைக்கு வந்ததும் ஓடினாள். தோற்பது நிச்சயம் என்று தெரிந்தும், உடம்பை உள்பக்கம் சாய்த்து, முழங்கால் உயர, அப்படி ஒரு ஓட்டம். காலையில் பஸ்ஸுக்கு அரக்கப்பரக்க ஓடுகிறவளா இவள்! அவன் கத்தக்கூட மறந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கடைசி இடம்தான். வரவேற்பு மேசைப் பெண் ஓடிவந்து அவள் தோளில் விழுந்து அழுதாள். "எல்லாம் என்னாலதான்க்கா."

"ரெண்டு பேர் கையும் சேந்துதான் விட்டோம். மூக்கத் தொடச்சிக்கோ."

கணவன் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான். "என்னமா ஓடுற நீ!"

"கடைசியா வந்தோம், பாக்கலியா?"

"அத யாரு பாத்தா?"

இரண்டு நாள் கழித்து நீச்சல் பயிற்சியாளர் அவளைத் தெருவில் நிறுத்தினார். "இன்னிக்குக் காலையில உங்க வீட்டுக்காரர் குளத்தங்கரையில எங்களுக்கெல்லாம் நீங்க ஓடினத ஓடியே காட்டினாரும்மா. கடைசியில வழுக்கித் தண்ணிக்குள்ள விழுந்துட்டாரு."

அன்று வீட்டுக் கொடியில் அவன் சட்டை ஏன் ஈரமாகத் தொங்கியது என்று அவள் கேட்கவே இல்லை. வெந்நீர் போட்டுக் கொடுத்தாள்.