கன்னியம்மாவின் மேல்மண்ணை மீட்டு வந்தவர்

போன வியாழக்கிழமை காலை, டோல்கேட்டில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது செல்போன் அடித்தது. பேசியவர் எங்கள் பழைய லோடர் ஆபரேட்டர் மஸ்தான்.

“சார், நம்ம டோசர் தேவராஜு பூட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னு குந்தினாராம். அவ்ளோதான்.”

வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வியாசர்பாடிக்காரரான தேவராஜ் அவர்கள் துறைமுகப் பகுதியின் மண் வேலைகளில் இருபது வருடத்துக்கு மேல் புல்டோசர் ஓட்டியவர். அவரோடு வேலை பார்த்தவர்கள் அவருடைய கை சுத்தத்தைச் சொல்வார்கள், வாய்த் துடுக்கையும் சொல்வார்கள். நான் சொல்ல வேண்டியது வேறொன்று. அவர் என் பொருட்டு ஒரு பழியைச் சுமந்தார். அதை எழுதாமல் அவருக்கு அஞ்சலி செலுத்தினால் அது பொய்யாகிவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூருக்கு வடக்கே சதுப்பு நிலத்தை மேடாக்கிக் கொண்டிருந்தார்கள். அதற்கான சவுடு மண்ணை மாதவரம் பக்கத்தில் ஒரு கீரைத் தோட்டத்திலிருந்து வெட்டி எடுத்தோம். நான் அங்கே சூப்பர்வைசர். நிலம் கன்னியம்மா என்ற அம்மாளுடையது. கணவர் இல்லை. மாடுகள் நிறைந்த பால் காலனியிலிருந்து வண்டி வண்டியாக எரு அடித்துப் போட்டு மேலே ஓர் அடிக்கு மண்ணைக் கறுப்பாக்கி வைத்திருந்தார். அந்த ஓர் அடியைத் தனியே வழித்து வைத்துவிட்டு, அடியிலிருக்கும் சவுட்டை நாலடி வெட்டிக்கொள்வது, பிறகு கறுப்பு மண்ணைத் திரும்பப் பரப்பித் தருவது என்று பேச்சு. நிலம் பள்ளமானாலும் பரவாயில்லை, மேல்மண் வராவிட்டால் தனக்குப் பிழைப்பில்லை என்று அந்த அம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டார்.

என் குடும்பம் தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்தது. மூட்டையை மேலே மேலே அடுக்கு, இடத்தை மிச்சப்படுத்து என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. மேல்மண்ணையும் ஒரே உச்சியாகக் குவிக்கச் சொன்னேன். தேவராஜ் இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். “இது இன்னா அரிசி மூட்டையா சார்? ஆள் ஒசரத்துக்கு மேல போட்டா உள்ளாற புழுங்கி நாறிப்பூடும்” என்றார். தாழ்வாக, நீளமாகத்தான் குவித்தார். ஈரமான நாளில் அந்த மண்ணைத் தொட மாட்டார். குவியல் மேல் லாரி ஏறினால் டிரைவரின் வம்சத்தையே இழுப்பார். மழையில் கரையாமலிருக்க அதன் மேல் கொள்ளு விதைத்து, டேங்கரில் மிஞ்சிய தண்ணீரை ஊற்றினார். புல்டோசருக்குக் கொள்ளு போட்டுப் பழக்குகிறீர்களா என்று நான் கிண்டல் செய்தேன். அவர் சிரித்தார், ஆனால் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

புத்த பௌர்ணமிக்கு அவர் மூன்று நாள் லீவில் போனார். அவர்கள் தெருவில் விழா ஏற்பாடெல்லாம் அவர் தலையில்தான். அந்த நேரம் பார்த்துப் பள்ளத்தில் வெட்டும் இயந்திரம் படுத்துவிட்டது. சதுப்பிலிருந்து லோடு எங்கே, லோடு எங்கே என்று துளைத்தெடுத்தார்கள். ரோட்டோரமாக, அள்ளுவதற்குச் சுலபமாக இருந்தது அந்தக் குவியல்தான். மண் என்றால் எல்லாம் மண்தானே, பிறகு வேறு மண் போட்டு ஈடுகட்டிவிடலாம் என்று நினைத்து ஏற்றச் சொன்னேன். மூன்றாம் நாள் சாயங்காலம் பதினோரு லாரி போயிற்று.

நான்காம் நாள் காலை வந்தவர், குவியல் இருந்த இடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். “அந்தம்மா சோத்தையே கொண்டு போய் சேத்துல கொட்டிட்டீங்களே சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு, காலி லாரி ஒன்றில் ஏறி, என்னையும் ஏறச் சொன்னார்.

சதுப்பில் நூறு குவியல்களுக்கு மேல் கிடந்தன. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் பரப்பி, ரோலர் விட்டுவிடுவார்கள். எது எங்கள் மண் என்று எனக்குத் தெரியவில்லை. தேவராஜ் குவியல் குவியலாக நடந்தார். சிலவற்றில் மட்டும் வாடிய கொள்ளுக்கொடி துருத்திக்கொண்டிருந்தது. அதை எண்ணிக்கொண்டே போய்ப் பதினொன்றையும் காட்டினார். ரோலர் ஓட்டுபவர் அவருடைய தோஸ்து. அவரை நிறுத்திவைத்துவிட்டு, அங்கே வந்த எங்கள் லாரிகளில் சாயங்காலத்துக்குள் அத்தனையையும் திருப்பி ஏற்றினோம். அதன் பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

கொட்டிய மண்ணை லாரிகள் ஏன் திரும்பத் தூக்கிப் போயின என்று கம்பெனியில் கேள்வி வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், லீவில் போகும்போது தானே லோடர் ஓட்டுபவரிடம் தப்பாகச் சொல்லிவிட்டதாக அவர் சொன்னார். அன்றே அவரை நிறுத்திவிட்டார்கள். நான் பேசாமல் நின்றேன். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. அது காரணம்தான், நியாயமல்ல.

மேல்மண்ணைப் பரப்புகிற சமயம், யாரும் கூப்பிடாமலே தேவராஜ் வந்து இரண்டு நாள் கூடவே நின்று புது ஆபரேட்டருக்கு வழி சொன்னாராம். அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, வேறு வேலை என்று சொல்லி நான் எண்ணூர் பக்கம் போய்விட்டேன். பின்னால் அவருக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. வழியில் பார்த்தால் சேர்ந்து டீ குடிப்போம். அந்தப் பேச்சை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை.

வியாசர்பாடியில் மாலை போட்டபோது அவர் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். தெரியும் என்றார். “அவரு புதுசா கல்யாணம் ஆனவரு, வேல பூட்ச்சின்னா பேஜாரா பூடும். நமக்கு வண்டி எங்கயும் கிடைக்கும்னாரு” என்றார்.

மறுநாள் செய்தி சொல்லக் கன்னியம்மாவிடம் போனேன். பள்ளத்துக்குள் பாத்தி பாத்தியாக முளைக்கீரை நின்றது. மண் ஊர் சுற்றி வந்த கதை அவருக்கும் தெரிந்திருந்தது. பரப்பத் தொடங்கிய அன்றே, தன் தவறு என்று தேவராஜ் அவரிடமும் சொல்லியிருக்கிறார். அவரில்லை அம்மா, நான்தான் அனுப்பினேன் என்றேன்.

அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. பாத்தி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டு நாளும் வாயிக்கு வந்தபடி பேசினேனே. ஒரு வார்த்த திருப்பிச் சொல்லலியே அந்த மனுசன். இப்ப நான் யாராண்ட போயி மன்னிப்பு கேப்பேன்?”

பிறகு வேரோடு இரண்டு பிடி கீரையைப் பிடுங்கித் தந்து, தேவராஜின் படத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னார். வைத்துவிட்டேன். வேரில் ஒட்டியிருந்த கறுப்பு மண்ணைத் துடைக்க வேண்டாமென்று உங்கள் மனைவி சொல்லிவிட்டார், தேவராஜ். மண்ணை அனுப்பியது நான்தான் என்று இப்போது எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். உங்களுக்கு நன்றி. இனி அந்தப் பழி உங்களுடையதல்ல. இறக்கி வைத்துவிட்டுப் போய் வாருங்கள்.